தஞ்சாவூர் வழியாக ஷார்ஜா

வளைகுடாவிலிருந்து கூத்தாநல்லூருக்கு வந்த போன்களெல்லாம் அப்போது தஞ்சாவூர் நம்பரில்தான் வந்தன. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். துபாயில் வெயிலில் வெந்துகொண்டிருக்கிற புருஷன் "சாப்பிட்டியா" என்று கேட்பான். போனுக்குப் பக்கத்தில் இருக்கிற காலர் ஐ.டி. பெட்டியைப் பார்த்தால் அதில் தஞ்சாவூர் டெலிபோன் நம்பர் ஓடும். பெட்டி வாங்கின புதிதில் பெண்கள் வெலவெலத்துப் போனார்கள். அக்கம்பக்கத்தில் கேட்கவும் வெட்கம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

மேலத்தெருவில் அந்தப் பயத்தைத் தெளிய வைத்தவள் ஹுமைராதான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அடுத்த வீட்டு ஷம்சாத் ஒருநாள் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றாள். "அவரு துபாய்லதான் இருக்காரா, இல்ல இங்கேயே எங்கயாச்சும் வந்து உக்காந்துக்கிட்டு என் காதுல பூ சுத்துறாரா? நீயே சொல்லு ஹுமைரா."

ஹுமைரா சிரித்தாள். வாத்தியாரம்மா மாதிரி உட்கார்ந்து விளக்கினாள். "அட போடி இவளே. வெளிநாட்டு கால் இந்தியாவுக்குள்ள வரணும்னா, கவர்மென்ட்டு லைசென்ஸ் குடுத்த கம்பெனி வழியாத்தான் வரணுமாம். அப்படி வந்தா நிமிசத்துக்கு இவ்வளவுன்னு கட்டணம் கட்டணும். பட்டிக்காட்டுக்கெல்லாம் போன் போட்ட செலவை அதுல எடுக்குறாங்களாம். அந்தக் கட்டணத்தைக் கட்டாம இருக்குறதுக்கு, தஞ்சாவூர்ல ஒருத்தன் வீட்டை வாடகைக்கு எடுத்து வரிசையா போன் வச்சிருக்கான். துபாய்லேருந்து நெட்டு வழியா பேச்சு அவன்கிட்ட வருது. அவன் அதைத் தஞ்சாவூர் போன்ல மாத்தி நமக்கு விடுறான். அதான் தஞ்சாவூர் நம்பர் விழுது. உன் வீட்டுக்காரரு துபாய்லதாண்டி இருக்காரு."

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் புருஷன் சைபுல்லா சொன்னதுதான். ஷார்ஜாவில் இருந்தவன். மகள் தஹ்மீனா அடம்பிடித்துப் பெட்டி வாங்கி மாட்டின அன்றைக்கே ஹுமைராவும் திடுக்கிட்டு அவனிடம் கேட்டாள். அவன் கோபப்படவில்லை. தடுமாறவும் இல்லை. லைசென்ஸ், கட்டணம், சட்டம், அதில் இருக்கிற ஓட்டை என்று அரைமணி நேரம் பொறுமையாகப் பாடம் நடத்தினான். கடைசியில் ஒரு எச்சரிக்கையும் சொன்னான். "அந்த நம்பருக்கு மட்டும் நீ திருப்பிப் போட்டுடாத. போட்டா டெலிபோன்காரன் மோப்பம் பிடிச்சிடுவான். லைன் விடுறவனும் மாட்டுவான், நீயும் கோர்ட்டு வாசல்ல நிக்கணும்."

இந்த எச்சரிக்கையையும் ஹுமைரா தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். அதனால் அந்தத் தெருவில் ஒருத்திகூட வந்த நம்பருக்குத் திருப்பிப் போன் போட்டதில்லை. புருஷன் பேசினால் பேசுவார்கள், அவன் வைத்தால் வைப்பார்கள், அடுத்த தடவைக்குக் காத்திருப்பார்கள்.

இன்னொன்றும் இருந்தது. மற்ற வீடுகளில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தஞ்சாவூர் நம்பர் விழும். ஹுமைரா வீட்டில் மட்டும் எப்போதும் ஒரே நம்பர். "நமக்குன்னு தனி லைன் பேசி வச்சிருக்கேன் ஹுமைரா, கண்டவனும் நுழைய முடியாது" என்று சைபுல்லா சொல்லியிருந்தான். பாவி மகள், அதையும் பெருமையாக நாலு பேரிடம் சொன்னாள். கேட்டவர்களும், வாய்த்தால் இப்படி ஒரு புருஷன் வாய்க்க வேண்டும் என்று பெருமூச்சு விட்டார்கள்.

அவன் கடைசியாக ஊருக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம் வரும். அரபி முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டான், கூட வேலை பார்த்தவன் ஓடிப்போனான், அடுத்த ரமலானுக்குக் கட்டாயம் லீவு. மாதச் செலவுக்குப் பணம், பேங்குக்குப் போகாமல் கைமாற்றாகக் கொண்டு சேர்க்கிற உண்டியல்காரர் மூலமாக வரும். அவள் தம்பி யூனுஸ் வாங்கிக்கொண்டு வந்து கையில் கொடுப்பான். ஊரில் பாதி வீட்டுக்கு அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. அதனால் அவளுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

தஹ்மீனாவுக்குப் பொதக்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அத்தா ஜெக்கரியா சவூதியில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவர், நல்ல மனுஷன். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் என்று முடிவானது. ஹுமைரா போனில் கெஞ்சினாள், அழுதாள், திட்டினாள். "ஒரே மகளுங்க. பெத்த அத்தா பக்கத்துல இல்லாம எப்படிங்க? ரெண்டே ரெண்டு நாளு வந்துட்டுப் போங்க." சைபுல்லாவும் அந்தப் பக்கம் அழுதான். அரபியின் காலில் விழுந்தும் பார்த்துவிட்டானாம், லீவு கிடைக்கவில்லையாம். போனிலேயே சம்மதம் சொல்கிறேன், என் சார்பில் யூனுஸை வக்கீலாக வைத்து முடித்துக்கொள்ளுங்கள் என்றான். ஊரில் அதுவும் நடக்கிற வழக்கம்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு, நிக்காஹ் ஓதி வைக்கிற ஹஜ்ரத் முன்னால் வைப்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தா சம்மதம் சொல்வார். சபையில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

சரி, குரலாவது வரட்டும் என்று ஹுமைரா மனசைத் தேற்றிக்கொண்டாள்.

நிக்காஹுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை ஷம்சாத் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். தஞ்சாவூரில் டெலிபோன் அதிகாரிகளும் போலீசும் சேர்ந்து கள்ள எக்ஸ்சேஞ்சைப் பிடித்துவிட்டார்கள். மருத்துவக் கல்லூரிப் பக்கம் ஒரு மாடி வீடு. உள்ளே நெட்டுப் பெட்டிகளும் வயர்களும் குவிந்து கிடந்த படம்கூடப் போட்டிருந்தது. எல்லா லைனையும் வெட்டிவிட்டார்களாம். அரசாங்கத்துக்கு வர வேண்டிய கட்டணம் கோடிக்கணக்கில் நட்டமாம்.

"கோடியாம் கோடி! கம்பெனிக்காரனுக்கு ஒரு சட்டம் போட்டுக் கதவைத் தொறந்து விடுவானுங்க. நாம புருசங்கிட்ட நாலு வார்த்தை பேசுனாதான் இவனுங்களுக்கு நட்டம் வந்துடுது" என்று ஷம்சாத் பொரிந்து தள்ளினாள்.

அன்றிலிருந்து தெரு ஊமையாகிவிட்டது. சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வீடு மணியடிக்கிற தெரு அது. ஷம்சாத் புருஷன் மட்டும் புதன்கிழமை காசு கொடுத்து நேர்வழியாகக் கூப்பிட்டான். பெட்டியில் நம்பரே விழவில்லை. "தஞ்சாவூர் வழி மொத்தமா போச்சு. இனிமே மாசத்துக்கு ஒரு தடவதான்" என்று நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டான்.

ஹுமைராவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படிச் சம்மதம் வரும்? நேர்வழியில் லைன் கிடைக்காமல் போனால்? சபை காத்திருக்கும், போன் அடிக்காது. இதை நினைத்து நினைத்து அவள் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள்.

வியாழக்கிழமை காலையில் போன் அடித்தது. அதே நம்பர். எடுத்தால் சைபுல்லா.

"அல்ஹம்துலில்லாஹ்! உங்க லைனு மாட்டலையா?" என்றாள், மூச்சு வாங்க.

"எது? ஓ, அதுவா. நம்மது தனி லைன்னு சொல்லியிருக்கேன்ல. அது தப்பிச்சிடுச்சு" என்றான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கட்டாயம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவளுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். எல்லாவற்றையும் பிடித்தவன் இந்த ஒன்றை எத்தனை நாள் விட்டு வைப்பான்? ஞாயிற்றுக்கிழமைக்குள் இதையும் வெட்டிவிட்டால்? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். எந்த நம்பருக்குப் போடக்கூடாது என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாளோ அந்த நம்பருக்கே போடுவது என்று. அந்த எக்ஸ்சேஞ்சுக்காரன் எவனாக இருந்தாலும் அவனுக்கும் ஒரு தாய் தங்கை இருப்பார்கள். அவனிடம் கெஞ்சுவோம் என்று நினைத்தாள். அண்ணே, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் இந்த ஒத்தை லைனை மட்டும் காப்பாத்தி வைங்க, என் மகளுக்கு நிக்காஹ். இதைத்தான் வாய்க்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, பிஸ்மி சொல்லி நம்பரைப் போட்டாள்.

மணி போனது. ஒரு பெண்குழந்தை எடுத்தது. மழலை இன்னும் போகாத குரல்.

"அலோ, யாரு?"

ஹுமைராவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பாப்பா, வீட்ல பெரியவங்க யாரும் இருக்காங்களா? ஆம்பளைங்க?"

"அத்தா குளிக்கிறாங்க" என்றது குழந்தை. பிறகு ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தியது. "அத்தா! போனு!"

உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. "யாருன்னு கேளுடா செல்லம், அத்தா இதோ வர்றேன்" என்று ஒரு ஆண்குரல் வந்தது.

அந்தக் குரலை அவளுக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷமாகக் கேட்கிற குரல். இருமினால்கூடச் சொல்லிவிடுவாள். ஐந்து வருஷமாக அந்தக் குரலை மட்டுமே வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள்.

ரிசீவரை வைத்தாள். அழுகை வரவில்லை. முதலில் வந்தது அவமானம். ஷம்சாத்துக்கு விளக்கம் சொன்னது, தெருவில் ஒவ்வொருத்திக்கும் தைரியம் சொன்னது, தனி லைன் என்று பீற்றிக்கொண்டது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தன. அவன் சொன்ன சட்டத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கட்டணம் உண்மை, கள்ள எக்ஸ்சேஞ்ச் உண்மை, ஊரில் அத்தனை பேர் புருஷனும் அந்த வழியாகத்தான் பேசினார்கள் என்பதும் உண்மை. அத்தனை உண்மைக்கும் நடுவில் இவன் ஒருத்தன் சொகுசாகப் புகுந்து உட்கார்ந்துகொண்டான்.

மத்தியானம் யூனுஸ் வந்தான். பந்தல்காரனிடம் சொல்லிவிட்டு வந்த களைப்பில் தண்ணீர் கேட்டான். ஹுமைரா தண்ணீரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்க மச்சானுக்குத் தஞ்சாவூர்ல எத்தனை புள்ளடா?"

யூனுஸ் முகம் செத்துப்போனது. இல்லை என்று சொல்லியிருக்கலாம், என்னக்கா உளறுகிறாய் என்று சத்தம் போட்டிருக்கலாம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

"ஒண்ணுதான்க்கா" என்றான். பிறகு தானாகவே கொட்டினான். ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போன ஆறு மாதத்திலேயே விசா ரத்தாகிவிட்டது. வெறுங்கையோடு ஊருக்கு வர வெட்கப்பட்டுக்கொண்டு தஞ்சாவூரில் செல்போன் கடை ஒன்றில் உட்கார்ந்தான். கடை அவன் கடையானது. பக்கத்து வீட்டுப் பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டான். யூனுஸ் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய பஸ் ஸ்டாண்டில் நேருக்கு நேர் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து உண்டியல்காரர் என்று யாரும் கிடையாது, பணம் அந்தக் கடையிலிருந்துதான் வந்தது.

"உன் வாழ்க்கை நாசமாயிடக் கூடாதுன்னுதாங்க்கா வாயை மூடிக்கிட்டேன். மகளைக் கட்டிக் குடுக்குற வரைக்கும் ஓட்டிட்டா போதும்னு நெனச்சேன்."

"அவன் எனக்கு அந்நியன்டா, தாலி கட்டுன உறவு, அத்துக்கிட்டுப் போனா போச்சு. நீ என் கூடப் பொறந்தவன். மாசாமாசம் அவன் கையால வாங்கி, ஷார்ஜாவுலேருந்து வந்துச்சுக்கான்னு சொல்லி என் கையில குடுத்தியே, அப்ப உன் கை கூசலையா?"

யூனுஸ் அழுதான். அழுதுகொண்டே, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெளிய விட்டுடாதக்கா, மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா நின்னுடும்" என்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளறையில் தஹ்மீனாவுக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிறைந்தது. போனின் வயரை நீட்டி ஜன்னல் வழியாக வெளியே கொண்டு வந்து, ஹஜ்ரத் முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே காலர் ஐ.டி. பெட்டி. திரைக்கு இந்தப் பக்கம் பெண்களோடு ஹுமைரா நின்றாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள், முகம் மட்டும் வெளுத்திருந்தது. மகளைப் பிரிகிற வருத்தம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

பதினொன்றுக்கு மணி அடித்தது. யூனுஸ் ஸ்பீக்கரை அழுத்தினான்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது சைபுல்லாவின் குரல். கணீரென்று, பந்தல் முழுக்கக் கேட்டது.

ஹஜ்ரத் சலாம் சொல்லிவிட்டு முறைப்படி கேட்டார். "சைபுல்லா பாய், உங்க மக தஹ்மீனாவைப் பொதக்குடி ஜெக்கரியா மகன் நவ்ஷாதுக்கு நிக்காஹ் செஞ்சு குடுக்க, உங்க மச்சான் யூனுஸை வக்கீலா ஆக்குறீங்களா? உங்களுக்குச் சம்மதமா?"

"ஆக்குறேன் ஹஜ்ரத். எனக்கு முழுச் சம்மதம்" என்றான். சாட்சிகள் தலையாட்டினார்கள்.

ஹுமைரா அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மகளுக்கு வேண்டியது வந்துவிட்டது. அவன் அதோடு வைத்திருந்தால் அவளும் ஒருவேளை விட்டிருப்பாள். ஆனால் சைபுல்லா விடவில்லை. சபை கேட்கிறது என்றதும் அவனுக்கு அழுகை பொங்கியது. "நான் பாவி ஹஜ்ரத். பெத்த மக நிக்காஹுக்கு வந்து நிக்க நசீபு இல்ல. கடல் தாண்டிக் கெடக்குறேன். எல்லாரும் எம் மகளுக்காக துஆ செய்யுங்க" என்று விம்மினான். ஆண்கள் பக்கம் இரண்டு மூன்று பேர் கைக்குட்டையை எடுத்தார்கள். ஷம்சாத் ஹுமைராவின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஹுமைரா அந்தக் கையை விலக்கிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"தஞ்சாவூருக்கும் கூத்தாநல்லூருக்கும் நடுவுல எந்தக் கடலுங்க இருக்கு?"

பந்தலில் எல்லாரும் திரைப் பக்கம் திரும்பினார்கள்.

"பஸ் ஏறினா ஒண்ணரை மணி நேரம். கார் புடிச்சா இன்னும் சீக்கிரம். சபை காத்திருக்கும். வாங்க, வந்து உங்க மகளை உங்க கையாலயே குடுத்துட்டுப் போங்க. அந்தச் சின்னப் புள்ளையையும் கூட்டிட்டு வாங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு, அக்கா கல்யாணச் சோறு சாப்பிட்டுட்டுப் போவட்டும்."

லைன் வெட்டிப்போனது. அந்த 'கொய்ங்' என்ற சத்தம் பந்தல் முழுக்க ஒலித்தது. யூனுஸ் அதை நிறுத்தக்கூடத் தெரியாமல் நின்றான்.

எல்லாரும் ஜெக்கரியாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பெட்டியில் நின்ற நம்பரை ஒரு தடவை பார்த்தார்.

"பொண்ணோட அம்மா கூப்பிட்டிருக்காங்க. ஒண்ணரை மணி நேரம்தானே, காத்திருப்போம். வந்தா நல்லது. வராட்டி லுஹர் தொழுதுட்டு ஓதிடுவோம் ஹஜ்ரத். சம்மதம்தான் வந்துடுச்சே. புள்ள மேல என்ன குத்தம்?" என்றார்.

ஹுமைரா உள்ளே வந்தாள். தஹ்மீனா மருதாணிக் கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் மெயின் ரோட்டில் பஸ் நிற்பது தெரியும். மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது. குடை பிடித்த ஒரு ஆள் இறங்கினான், அவன் இல்லை. ஒரு கார் தெருமுனையில் திரும்பினபோது ஹுமைரா தன்னையறியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அது சமையல்காரரின் கார். அப்போதுதான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அவன் வருவான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாளே! அவன் செய்ததைவிட இதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

லுஹருக்குப் பிறகு நிக்காஹ் ஓதினார்கள். பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி நாலு நாலு பேராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பந்தி முடிகிற நேரத்தில் போன் அடித்தது. அதே நம்பர். "எடுக்காத ஹுமைரா" என்றாள் ஷம்சாத். யூனுஸ் எழுந்து ஓடி வந்தான். ஹுமைரா அவனைத் தள்ளிவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"ஹுமைரா, வச்சிடாத. நான் சொல்றதை ஒரு தடவ கேளு" என்றான் சைபுல்லா.

"நீங்க யாருன்னு தெரியலங்க. எங்க வீட்டுக்காரரு ஷார்ஜாவுல இருக்காரு. அஞ்சு வருசமா வரவே இல்ல."

சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கு வெற்றிலை கொடுக்கப் போனாள்.